வயிற்றோட்டம் எல்லாம் பூச்சி அல்ல
வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற வைத்திய அதிகாரி ஒருவரின் பதில்கள்

மாரி முடிந்து வெள்ளம் வற்றிய பிறகு எனக்கு வரும் கடிதங்களில் வயிற்றைப் பற்றியவையே அதிகம். இம்முறை எழுதியவர்களில் பெரும்பாலானோர் தங்களைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். குழந்தைக்கு ஒரு தடவை தண்ணீராகப் போனாலே தூக்கிக்கொண்டு ஓடிவரும் நம் சனங்கள், தங்களுக்கு என்றால் மூன்று கிழமை பொறுத்திருப்பார்கள். வன்னியில் என் வேலைக்காலம் முழுவதும் கண்ட வழக்கம் இது. ஆகவே இந்த மாதப் பக்கங்களை அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எனக்கு 46 வயது. நெற்செய்கை செய்கிறேன். காலபோக அறுவடை முடிந்த கிழமையில் வயிற்றோட்டம் தொடங்கியது. விட்டு விட்டு இன்றோடு 24 நாட்கள். இரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் வயிறு ஊதிக்கொண்டே இருக்கிறது, மலம் தண்ணீரில் மிதக்கிறது, நாற்றம் தாங்க முடியவில்லை, ஏப்பம் கூழ்முட்டை போல மணக்கிறது. ஆறு கிலோ குறைந்துவிட்டேன். பூச்சி என்று சொல்லி மனைவி இரண்டு தடவை பூச்சிக் குளிசை தந்தார், பலன் இல்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மெட்ரோனிடசோலை இரண்டு நாள் எடுத்தேன். சுகம் வந்தது, நிறுத்தினேன், திரும்பவும் தொடங்கிவிட்டது. பெரியவர்களுக்கும் பூச்சி வருமா?
– சி. த., விசுவமடு

பதில்: வரும், தம்பி. ஆனால் உங்கள் மனைவி தந்த குளிசைக்குச் சாகும் பூச்சி வேறு; உங்கள் குடலில் இருப்பதாக நான் சந்தேகிப்பது வேறு.

நம் ஊர்ப் பேச்சில் பூச்சி என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. வட்டப்புழு, கொழுக்கிப்புழு, சவுக்குப்புழு ஆகியவை உண்மையிலேயே புழுக்கள். மெபென்டசோலும் அல்பென்டசோலும் அவற்றுக்கானவை. வளர்ந்த ஒருவருக்குத் திடீரென்று வயிற்றோட்டம் வந்தால் அதற்கு இந்தப் புழுக்கள் காரணமாக இருப்பது அரிது. வயிற்றோட்டத்தை உண்டாக்கும் ஒட்டுண்ணிகளில் பெரும்பாலானவை ஒற்றைக் கல உயிர்கள். ஜியார்டியா, அமீபா, கிரிப்டோஸ்போரிடியம், சைக்கிளோஸ்போரா என்று பெயர்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் விழுங்கிய ஒற்றைப் பூச்சிக் குளிசை இவற்றை ஒன்றும் செய்யாது.

இதைப் படிக்கும் மற்றவர்கள் இப்போதே ஒட்டுண்ணி என்று பயந்துவிடக்கூடாது. வளர்ந்தவர்களுக்கு வரும் வயிற்றோட்டத்தின் பெரும்பங்கு வைரசாலும் பக்றீரியாவாலும் வருவது. மூன்று நான்கு நாளில், மிஞ்சினால் ஒரு கிழமையில், தானாக நிற்கும். ஜீவனிக் கரைசலும் (இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் பொதியைக் கரைத்தது) கஞ்சியும் ஓய்வும் போதும். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் போகாமை, எழுந்து நிற்க முடியாத தலைசுற்று இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இவை எதுவும் இல்லாமல், ஆனால் 14 நாளைத் தாண்டியும் நிற்காமல் போனால், அங்கேதான் ஒட்டுண்ணியைத் தேட வேண்டும். நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிப் பத்து நாள் ஆகிறது.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது ஜியார்டியாவின் முகம்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கு உண்மையிலேயே ஒரு முகம் இருக்கிறது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இரண்டு கருக்கள் இரண்டு கண்களைப் போல நம்மையே பார்க்கும். 1681ஆம் ஆண்டு ஒல்லாந்து நாட்டின் லேவன்ஹுக் தமக்கு வயிற்றோட்டம் வந்தபோது தமது மலத்தையே தாம் செய்த வில்லையின் கீழ் வைத்துப் பார்த்தார். அவர் கண்டு எழுதிய அந்தச் சிறிய உயிர் இதுதான் என்று கருதப்படுகிறது. இது சிறுகுடலின் மேற்பகுதியில் ஒட்டிக்கொண்டு கொழுப்பு உறிஞ்சப்படுவதைக் கெடுக்கும். மலம் மிதப்பதும் நாறுவதும் எடை குறைவதும் அதனால்தான். தொற்றுவதற்குப் பத்து உறைநிலைக் கலங்கள், அதாவது தடித்த உறை போர்த்து வெளியே உயிர் தாங்கிக் கிடப்பவை, உள்ளே போனாலே போதும். தொற்றி ஒன்றிரண்டு கிழமை கழித்துத்தான் நோய் தெரியும். ஆகவே வயிற்றோட்டம் தொடங்கிய நாளில் என்ன சாப்பிட்டீர்கள் என்று யோசிக்காதீர்கள். அதற்கு இரண்டு கிழமை முன்பு வயலில் எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்று யோசியுங்கள். அறுவடை வெயிலில் கொண்டுபோன போத்தல் முடிந்ததும் வாய்க்காலில் ஒரு கை அள்ளிக் குடிக்காத விவசாயியை நான் கண்டதில்லை.

மெட்ரோனிடசோல் ஜியார்டியாவுக்கு ஏற்ற மருந்துதான். ஆனால் அதை ஐந்து முதல் ஏழு நாட்கள் முழுமையாக எடுக்க வேண்டும். இரண்டு நாளில் நிறுத்தினால் நோய் மறையும், நோய்க்காரணி தங்கிவிடும். உங்களுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம். டினிடசோலை ஒரே வேளையில் எடுத்து முடிக்கும் முறையும் உண்டு. எதைத் தருவது என்பதை உங்களைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். இரண்டுக்குமே சாராயமும் கள்ளும் ஆகாது. மருந்து முடிந்து மூன்று நாள் வரை தொடாதீர்கள். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, சத்தி எடுத்து அவதிப்படுவீர்கள்.

ஆனால் மூன்றாவது தடவையும் பார்க்காமல் விழுங்க வேண்டாம். முதலில் மலப் பரிசோதனை. அதுவும் ஒரு நாள் மட்டும் கொடுத்தால் போதாது. ஒன்றுவிட்டு ஒரு நாளாக மூன்று தடவை கொடுங்கள். ஜியார்டியா ஒவ்வொரு நாளும் வெளியேறுவதில்லை. ஒரு மாதிரியில் இல்லை என்று வந்தால் குடலிலும் இல்லை என்று எண்ணிவிடக்கூடாது.

நான் இதில் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று சொல்கிறேன். 1997இல் இடம்பெயர்ந்து வந்த எங்கள் வைத்தியசாலை ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இயங்கியது. மின்சாரம் இல்லை. மருந்து எண்ணி வரும். மலேரியா இரத்தக் கண்ணாடிகளைப் பார்க்கும் வயதான ஓர் உத்தியோகத்தர் எங்களுடன் இருந்தார். எல்லோரும் அவரை மலேரியா ஐயா என்போம். கண்ணாடி பொருத்திய பழைய நுணுக்குக்காட்டியை ஜன்னலருகே வைத்து, சூரிய வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்துப் பார்ப்பார். மழை இருட்டினால் ஆய்வுகூடம் மூடப்படும். ஒரு நாள் வயிற்றுளைவோடு வந்த பெண்ணின் சளியும் இரத்தமும் கலந்த மலத்தில் ஒரு துளியை எடுத்து, கண்ணாடித் துண்டை உள்ளங்கைச் சூட்டில் வைத்தபடியே என்னைக் கூப்பிட்டார். "கெதியாக வாருங்கள் டொக்டர், ஆறினால் இது உறங்கிவிடும்." ஓடிப்போய்ப் பார்த்தேன். பளிங்கு போன்ற ஒரு கை ஒரு பக்கம் நீண்டது, உடல் அதற்குள் வழிந்து போனது, உள்ளே அது விழுங்கியிருந்த அவளுடைய செங்குழியங்கள் மூன்று. அமீபா. புத்தகத்தில் படித்ததை அன்றுதான் உயிரோடு கண்டேன். அந்த ஒரு பார்வை எங்களுக்கு மிச்சம் பிடித்துத் தந்த மருந்து எவ்வளவு என்று பின்னர்தான் புரிந்தது. அதே கிழமையில் வயிற்றுளைவோடு வந்த மற்றவர்களின் மலத்தில் சீழ்க்கலங்கள்தான் நிறைந்திருந்தன; அவர்களுக்குப் பக்றீரியாவுக்கான மருந்து தேவைப்பட்டது. பார்க்காமல் கொடுத்திருந்தால் இருந்த கொஞ்ச மெட்ரோனிடசோலையும் வீணாக்கியிருப்போம்.

மலேரியா ஐயா இப்போது இல்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தபோது அவரைத்தான் நினைத்தேன்.

மூன்று பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்று வந்தால் அத்தோடு விட்டுவிடாதீர்கள், தம்பி. உங்கள் வயதில் ஆறு கிலோ இறங்குவது சிறிய விடயம் அல்ல. நீரிழிவு, தைரொயிட், குடலின் மற்ற நோய்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தேவையானால் குடலைக் கமெராவால் பார்க்கச் சொல்வார்கள். பயப்படாமல் செய்யுங்கள்.

கேள்வி: தொடர்ந்து வயிற்று வலி என்பதால் தனியார் ஆய்வுகூடத்தில் மலம் கொடுத்தேன். அறிக்கையில் "ஈ. கோலை சிஸ்ட்" என்று இருக்கிறது. ஈ. கோலை என்றால் சிறுநீரகத்தையே பாதிக்கும் கிருமி என்று படித்திருக்கிறேன். இரண்டு நாளாக நித்திரை இல்லை.
– ஆசிரியை, வவுனியா

பதில்: இன்றிரவு நன்றாக நித்திரை கொள்ளுங்கள். நீங்கள் படித்தது எஷரிக்கியா கோலை என்ற பக்றீரியாவைப் பற்றி. உங்கள் அறிக்கையில் இருப்பது என்டமீபா கோலை. இரண்டையும் ஈ. கோலை என்று சுருக்கி எழுதுவதால் வந்த குழப்பம். அந்தப் பக்றீரியாவுக்கு சிஸ்ட் என்ற உறைநிலையே கிடையாது. அந்தச் சொல்லைப் பார்த்தாலே இது அமீபா இனம் என்று தெரிந்துவிடும்.

என்டமீபா கோலை நோய் செய்யாது. குடலில் சும்மா இருந்துவிட்டுப் போகும். அதன் முதிர்ந்த உறைநிலையில் எட்டுக் கருக்கள் இருக்கும். நோய் செய்யும் என்டமீபா ஹிஸ்டோலிடிக்காவுக்கு நான்கு. நல்ல கண் உள்ளவர் எண்ணிப் பிரித்துவிடுவார். ஆனால் நான்கு கரு உள்ளதெல்லாம் நோய் செய்வதும் அல்ல. டிஸ்பார் என்ற தீங்கற்ற ஓர் அமீபாவும் அச்சாக அப்படியே இருக்கும். நுணுக்குக்காட்டியால் மட்டும் அவற்றைப் பிரிக்க முடியாது. 1993இல்தான் இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்று உறுதியாக வகுத்தார்கள். அதற்கு முன் எத்தனை பேர் தேவையில்லாமல் மருந்து குடித்திருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். நானும் கொடுத்திருக்கிறேன்.

குடலில் வாழும் இன்னொரு ஒற்றைக் கல உயிரான பிளாஸ்டோசிஸ்டிஸ் என்று அறிக்கை வந்தாலும் இதே கதைதான். நல்ல சுகத்தோடு இருப்பவர்கள் பலரிடமும் அது இருக்கிறது. வேறு காரணம் எல்லாவற்றையும் தேடிப் பார்த்த பிறகே அதைக் குற்றம் சொல்லலாம்.

என்டமீபா கோலைக்கு மருந்து வேண்டாம். ஆனால் அது உங்கள் வயிற்றுக்குள் போயிருக்கிறது என்றால் யாரோ ஒருவருடைய மலத்தின் ஒரு துகள் உங்கள் தண்ணீருக்கோ சாப்பாட்டுக்கோ வந்திருக்கிறது. அந்த வழியை அடையுங்கள். வயிற்று வலிக்கு வேறு காரணம் தேட வேண்டும். அறிக்கையோடு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. மாலையில் கள்ளு குடிப்பார். நான்கு மாதத்துக்கு முன் வயிற்றுளைவு வந்து மருந்தில் மாறியது. இப்போது ஒரு கிழமையாகக் குளிர் காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி, வலது பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை, தோள்மூட்டும் உளைகிறது. வயிற்றோட்டம் இல்லை. டெங்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அறுவடை வேலை இருக்கிறது, முடிய வருகிறேன் என்கிறார்.
– பெயர் வேண்டாம், துணுக்காய்

பதில்: தங்கச்சி, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஆசிரியபீடத்தின் மூலம் உங்களோடு பேசிவிட்டேன். அவர் இப்போது வைத்தியசாலையில் இருக்கிறார். மற்றவர்களுக்காகவே இங்கே எழுதுகிறேன்.

அமீபா குடலோடு நிற்காமல் இரத்தத்தின் வழியே ஈரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டியை உண்டாக்கும். பெரும்பாலும் ஈரலின் வலது பக்கத்தில். அந்த நேரத்தில் வயிற்றோட்டம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை, பலருக்கு இருக்காது. மலத்திலும் அமீபா அகப்படாமல் போகலாம். ஸ்கேன் செய்து பார்த்தால்தான் தெரியும். பெண்களைவிட நடுத்தர வயது ஆண்களுக்கே இது பல மடங்கு அதிகம். யாழ்ப்பாணத்தில் இந்த நோயோடு வருபவர்களில் கள்ளு அருந்தும் ஆண்களே பெரும்பான்மை என்பதை அங்கே செய்த ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. கட்டி உடைந்தால் சீழ் வயிற்றறைக்குள்ளும், சிலவேளை நெஞ்சறைக்குள்ளும் இறங்கும். உயிர் போகும். அறுவடை காத்திருக்கட்டும், இது காத்திருக்காது. வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் வரும்.

ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். பல வருடங்களுக்கு முன் மரம் அரியும் வேலை செய்த ஒருவருக்கு அமீபா வயிற்றுளைவு என்று கண்டு மெட்ரோனிடசோல் கொடுத்தேன். நன்றாக மாறி வீட்டுக்குப் போனார். மெட்ரோனிடசோல் குடற்சுவருக்குள் புகுந்த அமீபாவைக் கொல்லும். குடலின் உள்வழியில் உறைநிலையில் தங்கியிருப்பதை முழுதாக அழிக்காது. அதற்காக டைலொக்சனைட் என்ற இரண்டாவது மருந்தைப் பத்து நாள் கொடுக்க வேண்டும். அப்போது கையிருப்பில் இல்லை. வந்ததும் கூப்பிட்டுக் கொடுப்பேன் என்று எண்ணினேன். மருந்து வந்தது, நான் மறந்துவிட்டேன். ஐந்து மாதம் கழித்து ஈரல் கட்டியோடு அவரைக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். பிழைத்தார். ஆனால் அந்த ஐந்து மாதத்தை நான் இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிறேன். அதனால் கேட்கிறேன்: அமீபா என்று உறுதியாகி மருந்து முடித்தவர்கள், "இரண்டாவது மருந்து எனக்கு வேண்டுமா?" என்று உங்கள் மருத்துவரிடம் வாய் திறந்து கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

கேள்வி: நாங்கள் இரண்டு வருடமாக ஆர்.ஓ. தண்ணீர்தான் (இயந்திரச் சவ்வினூடே வடித்தது) வாங்கிக் குடிக்கிறோம். அப்படியிருந்தும் வீட்டில் மூன்று பேருக்கு மாறி மாறி வயிற்றோட்டம். கிணற்றுக்குக் குளோரினும் போட்டார்கள். பிறகு எப்படி?
– க. ர., பரந்தன்

பதில்: ஆர்.ஓ. இயந்திரத்தின் சவ்வு நல்ல நிலையில் இருந்தால் ஒட்டுண்ணி அதைக் கடக்காது. ஆனால் தண்ணீர் அங்கிருந்து உங்கள் வாய்க்கு வரும் வழியைப் பாருங்கள். கலனைக் கடைசியாக உள்ளே தேய்த்துக் கழுவியது எப்போது? கோப்பையைக் கையோடு உள்ளே விட்டு அள்ளுகிறீர்களா? வல்லாரைச் சம்பலுக்கு இலையை எந்தத் தண்ணீரில் அலசினீர்கள்? பல் விளக்கி வாய் கொப்பளிப்பது எந்தத் தண்ணீரில்? குடிக்க மட்டும் ஆர்.ஓ., மற்றதெல்லாம் வெள்ளம் புகுந்த கிணறு என்றால் பாதிக் கதவைத்தான் மூடியிருக்கிறீர்கள்.

குளோரின் நல்லது; பக்றீரியாவையும் பெரும்பாலான வைரசையும் கொல்லும். வெள்ளத்துக்குப் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து போடும்போது மறுக்க வேண்டாம். ஆனால் ஜியார்டியாவின் உறைநிலை சாதாரண அளவுக் குளோரினை ஓரளவு தாங்கும். கிரிப்டோஸ்போரிடியம் அதைப் பொருட்படுத்தவே மாட்டாது. 1993இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில், சுத்திகரித்துக் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீராலேயே ஏறத்தாழ 403,000 பேருக்கு அந்த நோய் வந்தது. நம்மிடம் மாடு கட்டாத வீடு குறைவு. கன்றுகளின் சாணத்தில் கிரிப்டோஸ்போரிடியம் இருக்கும். பட்டி கிணற்றுக்கு மேட்டுப் பக்கத்தில் இருந்தால் மாரி மழை அதைக் கழுவி எங்கே கொண்டுபோகும் என்று நீங்களே முற்றத்தில் நின்று பார்க்கலாம். சுகதேகிக்கு இது ஒன்றிரண்டு கிழமையில் தானாக மாறும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ஆபத்து.

ஒரே ஒரு வழி எல்லாவற்றையும் கொல்கிறது: கொதிக்க வைப்பது. நன்றாகப் பொங்கிக் கொதித்து ஒரு நிமிடம் ஆனால் போதும். விறகு இல்லாத ஊர் அல்ல நம்முடையது. கொதித்தாறிய தண்ணீரை வாய் ஒடுங்கிய, மூடியுள்ள பாத்திரத்தில் வைத்துச் சரித்து வாருங்கள். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்குக் குறையாமல் தள்ளி இருக்கட்டும். கொரோனாக் காலத்தில் பழகிய கைத் தெளிப்பான் இந்த உறைநிலைகளைக் கொல்லாது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் அவை கையை விட்டுப் போகும்.

கேள்வி: மாதுளம்பழத் தோலை அவித்துக் குடித்தால் வயிற்றோட்டம் நிற்கும் என்பார் என் அம்மம்மா. குடிக்கலாமா?
– ஜெ., முழங்காவில்

பதில்: கொதித்த தண்ணீர் என்பதால் கெடுதல் இல்லை. துவர்ப்பு குடலைக் கொஞ்சம் அடக்கும். ஆனால் ஒட்டுண்ணிக்கு அதை நம்பி நாட்களைக் கடத்த வேண்டாம்.

அம்மம்மாவின் அடுக்களையில் இதைவிடப் பெரிய மருந்து இருக்கிறது: உப்பும் சீனியும். ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு. ஜீவனிப் பொதி கிடைக்காத நேரத்தில் இதைக் கொடுங்கள். 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையருகே போன்காவ் முகாமில் அகதிகள் கொலராவால் செத்துக்கொண்டிருந்தார்கள். சேலைன் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலனோபிஸ் உப்பையும் குளுக்கோசையும் பைகளில் கட்டி, பெரிய கலன்களில் கரைத்து, உறவினர்கள் கையாலேயே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். முகாமில் 30 வீதத்தை எட்டியிருந்த மரணம் 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது. 2009இல் செட்டிகுளம் முகாம்களில் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்ற ஒவ்வொரு தாய்க்கும் நான் சொல்லிக் கொடுத்தது அந்த மனிதரின் பாடத்தைத்தான்.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. இழுப்புக்காக அடிக்கடி பிரெட்னிசலோன் எடுப்பார். சில மாதமாக இடைக்கிடை வயிற்றோட்டம், இடுப்பில் கோடு போட்டது போல ஊரும் சொறி வந்து மறைகிறது. தோல் மருந்து பூசினோம். இதற்கும் வயிற்றுக்கும் தொடர்பு உண்டா?
– ம. நி., மாங்குளம்

பதில்: உண்டு, இருக்கக்கூடும். நீங்கள் இரண்டையும் சேர்த்து எழுதியது மிக நல்ல காரியம். ஸ்ட்ரொங்கிலோயிடஸ் என்ற ஒரு நூல் போன்ற புழு மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும். மற்றப் புழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு: உடலுக்குள்ளேயே பெருகித் திரும்பத் திரும்பத் தன்னைத் தொற்றவைத்துக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரில் பர்மா–சயாம் ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்ட பிரித்தானியப் போர்க்கைதிகளின் உடலில் நாற்பது வருடங்களுக்குப் பிறகும் இதைக் கண்டுபிடித்தார்கள். (அதே பாதையில் பல்லாயிரக்கணக்கான மலாயாத் தமிழர்களும் மாண்டார்கள், பிழைத்து வந்தவர்களின் வயிற்றை யார் பார்த்தார்கள்?) உங்கள் அம்மா நாற்று நட்ட காலத்தில் ஏறியது இன்றும் இருக்கலாம்.

சாதாரணமாக இது அடங்கிக் கிடக்கும். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட் மருந்து உடலின் காவலைத் தளர்த்தும்போது கட்டுமீறிப் பெருகி நுரையீரல், இரத்தம் என்று பரவி உயிரையே எடுக்கும். ஆகவே மருந்தை நீங்களாக நிறுத்தாமல், அம்மாவை உடனே மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். ஊரும் சொறி, ஸ்டீரொயிட், வயிற்றோட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். சாதாரண மலப் பரிசோதனையில் இது தப்பிவிடும். இரத்தத்தில் ஈயோசினோபில் என்ற வகை வெண்குழியங்களை எண்ணுவது ஒரு துப்பு. ஐவர்மெக்டின் இதற்கு நல்ல மருந்து.

கேள்வி: ஜியார்டியாவுக்கு மருந்து முடித்து மூன்று கிழமை. மற்றதெல்லாம் சரி, பால் தேநீர் குடித்தால் மட்டும் வயிறு இரைந்து ஓடுகிறது. மருந்து வேலை செய்யவில்லையா?
– அ. பி., கிளிநொச்சி

பதில்: வேலை செய்திருக்கிறது. புண்பட்ட சிறுகுடல் பாற்சீனியைச் செரிக்கும் நொதியத்தை மீண்டும் சுரக்கச் சில கிழமை எடுக்கும். ஒரு மாதம் வெறும் தேநீர் குடியுங்கள். தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். அதன் பிறகும் மாறாவிட்டால் மலத்தை மீண்டும் ஒரு தடவை பாருங்கள்.

கேள்வி: நான் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் 24 வயதுப் பெண். மூன்று கிழமையாக வயிற்றோட்டம். மலம் கொண்டுவரச் சொன்னார்கள். எங்கள் கிராமத்திலிருந்து மாவட்ட வைத்தியசாலைக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம். பஸ்ஸில் அதை எப்படிக் கொண்டுபோவது? வெட்கமாக இருக்கிறது. போகாமல் மருந்து மட்டும் வாங்கலாமா?
– ஒட்டுசுட்டான் பக்கம்

பதில்: பிள்ளை, இந்த மாதக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உன்னுடையது. மற்றவர்கள் கேட்கக் கூசியதை நீ கேட்டிருக்கிறாய். அந்தக் காலத்தில் நெருப்புப் பெட்டியில் வைத்து, வாழையிலையில் சுற்றி, சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்து, என் மேசையில் வைக்காமல் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற எத்தனை பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருத்தியைக்கூட நான் அருவருப்போடு பார்த்ததில்லை. ஆய்வுகூடத்தில் இருப்பவர்களுக்கு அது ஒரு தடயம், அவ்வளவுதான்.

தண்ணீராகப் போகும் மலத்தில் உயிரோடு அசையும் ஒட்டுண்ணி அரை மணித்தியாலத்துக்குள் செத்துச் சிதைந்துவிடும். ஆகவே ஒன்றரை மணித்தியாலம் பஸ்ஸில் கொண்டுபோவதில் பயன் குறைவு. நீ கொண்டுபோகவும் வேண்டாம். விடிய முதல் பஸ்ஸில் வெறுங்கையோடு போ. ஆய்வுகூடத்தில் மூடியுள்ள சின்னக் கலனைக் கேட்டு வாங்கு. வழியில் ஒரு கோப்பை சூடான தேநீரும் பாணும் சாப்பிட்டால், சாப்பிட்டதும் வயிறு அசையும்; அங்கேயே மலசலகூடத்தில் எடுத்து நேரே கையில் கொடு. ஒரு தேக்கரண்டி அளவு போதும். சளியோ இரத்தமோ இருந்தால் அந்தப் பகுதியையே எடு. சிறுநீரும் கழுவும் தண்ணீரும் கலக்கக்கூடாது. ஒரு பழைய கடதாசியை விரித்து அதன்மேல் இருந்து எடுத்தால் கலக்காது. நுண்ணுயிர்க்கொல்லி எதையும் அதற்கு முன் எடுத்துவிடாதே. அன்று வயிறு அசையாவிட்டால், கெட்டியாகப் போகும் மலத்தில் உறைநிலைகள் சில மணித்தியாலம் தாங்கும் என்பதால், அடுத்த தடவை வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம். கலனை ஒரு பொலித்தீன் பையில் கட்டி, சாப்பாட்டுப் பையின் அடியில் வை. பக்கத்து இருக்கைக்காரருக்கு அது மதியச் சாப்பாடு.

மூன்று கிழமை என்பதால், சாதாரணப் பரிசோதனையோடு கிரிப்டோஸ்போரிடியத்துக்கும் சைக்கிளோஸ்போராவுக்கும் சிறப்புச் சாயமிட்டுப் பார்க்க முடியுமா என்று மருத்துவரிடம் கேள். அவை சாதாரணக் கண்ணாடியில் எளிதில் தெரியாதவை. சைக்கிளோஸ்போராவுக்கு மருந்தும் வேறு. தொழிற்சாலையில் லீவு தர மறுத்தால் மருத்துவச் சான்றிதழ் கேட்டு வாங்கு, அது உன் உரிமை. கர்ப்பமாக இருக்கக்கூடும் என்றால் மருந்து எழுதும் முன் அதையும் சொல்.

அறிக்கை வந்ததும் எனக்கு எழுது. அதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அடுத்த இதழில் பொருள் சொல்கிறேன்.